கழுவும் முன் பாருங்கள்: சேற்றுப் பயணத்துக்குப் பின் வரும் கேள்விகள்

பிக்கப் வண்டியில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலை முடியும் இடத்துக்கு அப்பால் சென்று தங்கிவரும் வாசகர்கள் பலர் இம்முறை எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கடிதங்களிலும் மழை பெய்திருக்கிறது. எல்லா வண்டிகளும் சேற்றில் இறங்கி ஏறியிருக்கின்றன. ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் நான்கு நாள் பயணம் போய்வந்தோம். கடைசி இரண்டு நாளும் விடாத மழை. வண்டி இரண்டு முறை ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) வரை புதைந்தது. வீடு திரும்பியபோது வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூரைக் கூடாரம், பெட்டிகள், கயிறுகள், அடுப்பு, நாற்காலிகள் என எல்லாவற்றின் மேலும் சேறு அப்பியிருந்தது. முதலில் மொத்தமாகப் பிரஷர் வாஷ் அடித்துவிட்டு, பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்க்கலாமா? அப்படி முடிவு செய்ய ஏதாவது முறை உண்டா?

பதில்: தயவுசெய்து முதலில் கழுவாதீர்கள். சேற்றோடு வந்து நிற்கும் வண்டியைப் பார்த்தவுடன் தண்ணீர்க் குழாயைத் தேடுவது எல்லோருக்கும் இயல்புதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். ஆனால் உங்கள் பொருள்களில் எது தன் வேலையைச் செய்தது, எது செய்யவில்லை என்பதை அந்தச் சேற்றைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய சாட்சி வேறு இல்லை. தண்ணீர் எந்த இடுக்கில் நுழைந்தது, எந்த ரப்பர் அதைத் தடுத்து நிறுத்தியது, எந்த மூடி வழியில் லேசாகத் திறந்துகொண்டது என்பதெல்லாம் பழுப்புக் கோடுகளாக அந்தந்த இடத்திலேயே பதிந்திருக்கும். குழாயைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் அத்தனை தடயமும் அழிந்துவிடும். பிறகு ஞாபகத்தையும் ஊகத்தையும் வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் அரை மணி நேரத்தைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு டார்ச், படம் எடுக்கக் கைப்பேசி ஆகியவை போதும். பெட்டிகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு மூடியையும் மெதுவாகத் தூக்கி, விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பரை டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பாருங்கள். என்னிடம் இருந்த ஒரு பெட்டியில் வெளியே எந்தக் குறையும் தெரியவில்லை. மூடியைத் தூக்கியபோது, நீளமான பக்கத்தின் சரிநடுவில் மட்டும், இரண்டு விரற்கடை அகலத்துக்கு, ரப்பரைத் தாண்டி உள்சுவரில் ஒரு பழுப்புக் கீற்று இறங்கியிருந்தது. மற்ற எல்லா இடத்திலும் சேறு ரப்பரின் வெளிப்புறத்தோடு நின்றிருந்தது. கொக்கிகள் பெட்டியின் இரு முனைகளிலும் இருந்ததால், நடுவில் மூடி சற்றே வில்லாக வளைந்து, ரப்பரை அழுத்தாமல் நின்றிருக்கிறது. நடுவில் ஒரு பட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டத் தொடங்கியபின் அந்தப் பெட்டி ஒருமுறைகூட உள்ளே தண்ணீர் விடவில்லை. முதலில் கழுவியிருந்தால், ஒழுகும் பெட்டி என்று அதைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

அடுத்ததாகச் சரக்குத் தட்டின் பின்கதவைப் பாருங்கள். மேலே நல்ல மூடி போட்டிருந்தும் உள்ளே சேறும் தூசியும் படிகின்றன என்று மூன்று வாசகர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுத் துளிகளும் தூசியும் அங்கே சுழன்று, பின்கதவின் அடி இடைவெளி வழியாகவும் கீல்களின் ஓரமாகவும் உள்ளே இழுபடுகின்றன. பல பிக்கப் வண்டிகளில் பின்கதவுக்குத் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பீடிங் ரப்பர் இருப்பதில்லை. உங்கள் தட்டில் சேறு பின்விளிம்பில் தடித்தும், முன்னே போகப்போக மெலிந்தும் படிந்திருந்தால், மூடியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கதவின் நான்கு பக்கமும் ஒட்டுவதற்கு ஒரு சுருள் ரப்பர் வாங்கினால் போதும். சேறு மூடியின் மடிப்புகளுக்கு நேர்கீழே கோடு கோடாக விழுந்திருந்தால்தான் குறை மூடியில் இருக்கிறது.

இவற்றைப் படம் எடுத்தபின், பொருள்களைத் தரையில் ஒரு தார்ப்பாய் விரித்து இறக்குங்கள். பயன்படுத்தியவை, பயன்படுத்தும்போது நம்மைக் கைவிட்டவை, தொடவே தொடாதவை என்று மூன்று குவியல்களாகப் பிரிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் நான்காவதாக ஒரு குவியலையும் வைக்கச் சொல்வேன்: தேவைப்பட்டபோது கைக்கு எட்டாதவை. என் அனுபவத்தில் இந்தக் குவியல்தான் அடுத்த பயணத்தை மாற்றுகிறது. வண்டி புதைந்து நிற்கும்போது மண்வெட்டி மெத்தைக்கு அடியில் இருந்தால், அது எவ்வளவு உயர்ந்த எஃகில் செய்யப்பட்டது என்பதால் ஒரு பயனும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு, படுக்கையை எல்லாம் சேற்றில் எடுத்துவைத்துவிட்டு அந்த மண்வெட்டியை எடுத்தவருக்கு அது மட்டமான மண்வெட்டி என்றே தோன்றும். வீடு வந்ததும் வேறொன்று வாங்குவார். அதையும் அதே இடத்தில் வைப்பார். பொருளின் தரத்தையும் அது இருந்த இடத்தையும் தனித்தனியாக எடைபோடுவதுதான் நீங்கள் கேட்ட முறை. மண்வெட்டி, புதைந்த வண்டியை இழுக்கும் மீட்புக் கயிறு, அதை வண்டியில் மாட்டும் ஷாக்கிள் வளையம், கையுறை, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஆகிய ஐந்தும் வேறெதையும் நகர்த்தாமல் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு கழுவலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே விதமாகக் கழுவக்கூடாது. வண்டியின் அடிப்பகுதியில் உள்ள சேற்றை ஈரமாக இருக்கும்போதே அகற்ற வேண்டும். களிமண் காய்ந்தால் செங்கல்லாக இறுகிவிடும், அது பிடித்துவைக்கும் ஈரம் துருவுக்கு வழிவகுக்கும். கான்வாஸ் துணியில் உள்ள சேற்றை இதற்கு நேர்மாறாகக் காயவிட்டு, மென்மையான தூரிகையால் உதிர்க்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் நுண்மண் நூலிழைகளுக்குள் இறங்கிவிடும். கயிறுகளைத் தேய்க்காமல் ஊறவைத்து அலச வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கன்டன்ஸர் துடுப்புகளில் அடைந்த சேற்றை, முடிந்தவரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய அழுத்தத்தில் அலச வேண்டும். முன்னாலிருந்து பலமாக அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும், சேறும் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் நைலான் மீட்புக் கயிறு ஒன்று இருக்கிறது. இந்தப் பயணத்தில் அதைக்கொண்டு மூன்று முறை வண்டியை வெளியே இழுத்தோம். பார்வைக்கு அறுந்த இடம் எதுவும் இல்லை, ஆனால் தொட்டால் கரகரவென்று இருக்கிறது. இதை அடுத்த பயணத்துக்கு நம்பலாமா? வின்ச் (வண்டியில் பொருத்தும் மோட்டார் இழுவை எந்திரம்) கயிற்றுக்கும் இதே விதிதானா?

பதில்: உங்கள் கை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. நீங்கள் உணர்ந்த அந்தக் கரகரப்பு மணல். அது கயிற்றின் மேல்பரப்பில் மட்டும் இல்லை. நீளும் தன்மை கொண்ட நைலான் கயிறு இழுபடும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்கின்றன. நடுவில் மணல் இருந்தால், ஒவ்வோர் இழுப்பிலும் அது உள்ளிழைகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாத இந்தத் தேய்மானம்தான் எனக்குப் பயம் தருவது.

ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துக் கயிற்றை முழுவதுமாக ஊறவையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, கயிற்றின் முறுக்கை எதிர்த்திசையில் லேசாகத் திருகித் திறந்து, நீருக்குள்ளேயே அசைத்து அலசுங்கள். வாளியின் அடியில் படியும் மண்ணைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நீர் தெளிவாகும்வரை மாற்றி மாற்றி அலசியபின், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தளர்வாகச் சுற்றித் தொங்கவிடுங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நைலானைப் பலவீனமாக்கும். நைலான் ஈரமாக இருக்கும்போது தன் பலத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் வரை இழக்கும். காய்ந்ததும் அது திரும்பிவிடும். சேற்றில் நடக்கும் மீட்பு பெரும்பாலும் நனைந்த கயிற்றில்தான் நடக்கிறது என்பதால், கயிறு வாங்கும்போதே இந்த இழப்பையும் கணக்கில் வைத்து ஒரு படி அதிகப் பலமுள்ளதை எடுப்பது நல்லது.

காய்ந்தபின் கயிற்றை முழங்கை முழங்கையாக விரல்களுக்கு இடையே ஓடவிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் கயிறு கடினமாகவோ, கண்ணாடிபோல் வழவழப்பாகவோ இருந்தால், அங்கே உராய்வின் சூட்டில் இழைகள் உருகி ஒட்டியிருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தாலும், முனைகளில் உள்ள கண்ணியின் பின்னல் நழுவியிருந்தாலும், வெட்டுக்காயம் இருந்தாலும், அந்தக் கயிற்றை மீட்பு வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். விலக்கிய கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவது நல்லது; முழுதாக வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது அவசரத்தில் அதை எடுத்து மாட்டிவிடுவார்கள். குறை எதுவும் தட்டுப்படாமல், கரகரப்பும் போய்விட்டால், நீங்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஒரே நாளில் பலமுறை இழுக்க நேர்ந்தால், ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே சில நிமிடங்கள் ஓய்வு கொடுங்கள். நீண்ட நைலான் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப நேரம் பிடிக்கும்; திரும்புவதற்குள் மீண்டும் இழுத்தால் அதிர்வைத் தாங்கும் தன்மை குறைந்திருக்கும்.

வின்ச் கயிற்றின் கதை வேறு. இரும்புக் கம்பிக்குப் பதிலாக இப்போது பலரும் பயன்படுத்தும் செயற்கை இழைக் கயிறு ஏறக்குறைய நீளவே நீளாது. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்தது. ஆனால் 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். பல வின்ச்களில், கயிறு சுற்றும் உருளையான டிரம்முக்கு உள்ளேயே பிரேக் இருக்கிறது, கயிற்றை வெளியே விடும்போது அந்த டிரம் சூடாகிறது. ஆகவே சூட்டின் அடையாளம் கயிற்றின் உள்முனையில், டிரம்மை ஒட்டிய சுற்றுகளில்தான் முதலில் தெரியும். முழுக் கயிற்றையும் வெளியே எடுத்து அலசிக் காயவைத்துப் பார்த்தபின், லேசான இழுவிசையோடு சுற்று சுற்றாக நெருக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் அடுத்த இழுப்பில் மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே புதைந்து சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு 9 மீட்டர் நைலான் மீட்புக் கயிறு 30 சதவீதம் நீண்டால் கிட்டத்தட்ட 2.7 மீட்டர் கூடுதலாக நீள்கிறது. அந்த இழுவிசை முழுவதையும் இரு முனைகளிலும் கயிற்றை மாட்டிய இடங்கள்தான் தாங்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றை மாட்டி இழுத்து, அந்த உருண்டை முறிந்து பாய்ந்ததில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. நீங்கள் கயிற்றை மாட்டிய இடம் மீட்புக்கென்று சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டுப் பொருத்தியதுதானா, அல்லது வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கான வளையமா என்பதை இப்போதே குனிந்து பாருங்கள். அதன் போல்ட் துளைகளைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருந்தாலோ, உலோகம் லேசாக வளைந்திருந்தாலோ, கயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டாமல் அடுத்த பயணம் போகாதீர்கள். ஷாக்கிளின் பின்னைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அது கையாலேயே கடைசி வரை திருகிப் போக வேண்டும். கழுவியபின்னும் பாதியில் இறுகினால், பின்னோ வளைவோ உருமாறியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: மழையில் மடித்த கூரைக் கூடாரத்தை, வேலைப்பளுவால் ஐந்து நாள் கழித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே முடைநாற்றம், மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். வாசல் ஜிப் மூடினாலும் பின்னாலேயே பிரிந்துகொள்கிறது. கூடாரம் ஒழுகுகிறது, ஜிப் போய்விட்டது, ஆகவே புதியது வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளில் எதுவும் கூடாரம் ஒழுகியதற்கு உறுதியான அடையாளம் இல்லை.

மெத்தையின் அடியில் உள்ள ஈரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உறங்குபவரின் மூச்சிலும் உடலிலும் இருந்து வெளியேறும் ஈரக்காற்று, குளிர்ந்த அடித்தளத்தைத் தொட்டதும் நீராகப் படிகிறது. மெத்தை நேராக அந்தத் தளத்தின் மேல் கிடந்தால், ஆள் படுத்திருந்த அளவுக்கு அடிப்பக்கம் நனைந்திருக்கும். மழை ஒழுகிய நீர் இப்படிப் பரவாது. தையல் ஓரமாகக் கோடாகவோ, ஒரு மூலையில் திட்டாகவோ, ஜன்னலுக்குக் கீழே சொட்டிய தடமாகவோ இருக்கும், அதோடு கொஞ்சம் மண்ணின் நிறமும் சேர்ந்திருக்கும். கூடாரத்தைக் காயவைத்தபின் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்துகொள்ள, மற்றவர் பூவாளியால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு தையலாக நிதானமாக நீர் ஊற்றட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக வழிந்து, எந்த இடம் விட்டது என்று தெரியாமல் போய்விடும். துணியின் வெளிப்புறம் நீரை உறிஞ்சிக் கருத்துப்போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மேற்பூச்சு தேய்ந்ததால் வருவது அது. உட்பக்கம் உலர்ந்திருக்கும்வரை கூடாரம் மழையைத் தாங்குகிறது. சொட்டும் தையலை மட்டும் அதற்கான பசையால் அடைத்தால் போதும். சிலிக்கோன் பூசிய துணிக்குச் சிலிக்கோன் பசை, பாலியூரித்தேன் பூசிய துணிக்குப் பாலியூரித்தேன் பசை. மாற்றிப் போட்டால் ஒட்டாது.

ஈரத்தோடு மடித்த துணியில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஐந்து நாள் என்பது அதிகம்தான். துணியை முழுதாக விரித்து, எல்லா ஜன்னல்களையும் திறந்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். மெத்தையைத் தனியே எடுத்து நிறுத்திவையுங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் காய்ந்த தூரிகையால் வெளியில் வைத்து உதிர்த்துவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கான்வாஸில் சோப்புத்தூளைப் பயன்படுத்தாதீர்கள். நீரைத் தடுக்கும் பூச்சை அது எடுத்துவிடும். நாற்றம் போய், புள்ளிகளின் கறை மட்டும் தங்கினால் அது அழகுக்குத்தான் குறை. ஆனால் துணியின் உட்பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலோ, செதிலாக உரிந்தாலோ, அந்தத் துணியின் ஆயுள் முடிந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஜிப் பின்னால் பிரிகிறது என்றால் பெரும்பாலும் பற்கள் போகவில்லை, ஓடும் ஸ்லைடர்தான் அகன்றுவிட்டது. மண் படிந்த ஜிப்பை இழுக்கும்போது ஒவ்வொரு மணலும் ஸ்லைடரின் உட்புறத்தை அரத்தைப்போல் ராவுகிறது. ஒருமுறை இருட்டிலும் மழையிலும் அவசரப்பட்டு, சேறு அப்பிய வாசல் ஜிப்பை இரண்டு கையாலும் இழுத்து நானே ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். பாதியில் நின்ற அந்த ஜிப்பின் வழியாக விடியும்வரை சாரல் அடித்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு இழுத்திருந்தால் தப்பியிருக்கும். நீங்கள் பழைய பல்துலக்கும் பிரஷால் பற்களை இருபுறமும் கழுவி, காய்ந்தபின் இடுக்கியால் ஸ்லைடரின் இரு ஓரங்களையும் மிக மெதுவாக, ஒரு மயிரிழை அளவுக்கு அழுத்திப் பாருங்கள். பலமுறை இதுவே போதும். போதவில்லையென்றால் ஸ்லைடரை மட்டும் மாற்றலாம். பிறகு மெழுகு அல்லது சிலிக்கோன் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், அது அடுத்த தூசியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஐ.பி. 67 என்று அச்சிட்ட விளக்குகளை வண்டியில் பொருத்தியிருந்தேன். பயணம் முழுக்க மழையிலும் சேற்றிலும் நன்றாக எரிந்தன. வீட்டுக்கு வந்து பிரஷர் வாஷ் செய்த மறுநாள் இரண்டு விளக்குகளுக்குள் நீர் கோத்துவிட்டது. பொய்யான முத்திரையா?

பதில்: முத்திரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அது சொல்வது நாம் நினைப்பதைவிடக் குறுகலானது. ஐ.பி. என்பது தூசியும் நீரும் புகாமல் ஒரு பொருள் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு. முதல் எண்ணான 6, தூசி அறவே நுழையாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாம் எண்ணான 7, அசையாத நீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் புகாது என்பதைக் குறிக்கிறது. பீய்ச்சி அடிக்கும் நீருக்கு 5, 6 என்ற எண்களும், நெருக்கத்திலிருந்து மிகுந்த அழுத்தத்தில் அடிக்கும் சுடுநீருக்கு 9 என்ற எண்ணும் தனியே இருக்கின்றன. 7 என்ற எண் வாங்கிய பொருள் 5-க்கும் 6-க்கும் தானாகத் தகுதி பெற்றுவிடுவதில்லை. இரண்டையும் தாங்கும் பொருளில் இரண்டு எண்களையும் அச்சிட்டிருப்பார்கள். இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். எரிந்து சூடான விளக்கின் மேல் குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று ரப்பர் இடுக்கு வழியாக வெளியிலுள்ள நீரை உள்ளே இழுக்கிறது.

இனி விளக்கு, மின் இணைப்பு, வின்ச் மோட்டார், சக்கர பேரிங் ஆகியவற்றைச் சாதாரணக் குழாய் நீரில் கழுவுங்கள். குளிர்பெட்டி போன்றவற்றுக்கென வைத்திருக்கும் இரண்டாம் பேட்டரியின் இணைப்புக் கொக்கிகளைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். உலோகத் தகட்டில் காய்ந்த சேற்றுப் படலம் இருந்தால் மின்தடை கூடி, அந்த இடம் சூடாகும். குளிர்பெட்டி பயணத்தின் இறுதியில் ஓயாமல் ஓடியிருந்தால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் அதன் காற்றுத் துளைகளில் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காட்டுப்பாதையில் இல்லாத ஸ்டீயரிங் நடுக்கம், திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தொடங்கியது. சஸ்பென்ஷன் போய்விட்டதா?

பதில்: முதலில் சக்கர ரிம்மின் உட்பக்கத்தில் கை விட்டுப் பாருங்கள். அங்கே ஒட்டிக் காய்ந்த சேறு ஒருபக்கமாக எடை கூட்டிவிடும். சில கிராம் ஈயத்தை ஒட்டிச் சமன்செய்யும் சக்கரத்தில் ஒரு பிடி களிமண் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உட்பக்கத்தைச் சுரண்டிக் கழுவியபின்னும் நடுக்கம் இருந்தால்தான் மற்றதைத் தேட வேண்டும். சேற்றுக்காக டயரில் காற்றைக் குறைத்திருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப ஏற்றியபின் வேகம் எடுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடும் டயர் பக்கச்சுவரில் சூடேறி உள்ளுக்குள் கெட்டுப்போகும்.

ஆக்சில் வரை நீரில் இறங்கியவர்கள் எல்லோரும் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெயையும் பாருங்கள். விளக்குக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும் வேலை செய்கிறது: சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்காற்று சுருங்குகிறது, உள்காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் குழாயைச் சேறு அடைத்திருந்தால் எண்ணெய் சீல் வழியாக நீர் உள்ளே போகிறது. எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். வெளுக்காவிட்டாலும், வண்டியை ஓரிரவு நிறுத்திவைத்து, காலையில் எண்ணெய் வடிக்கும் அடித்திருகை லேசாகத் தளர்த்திப் பார்த்தால், நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அதுவே முதலில் சொட்டும்.

கேள்வி: சேற்றில் விழுந்த கேஸ் அடுப்பு மஞ்சள் சுடராக எரிகிறது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மஞ்சள் சுடர் காற்று சரியாகக் கலக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அப்படி எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பர்னரையும் காற்று நுழையும் குழாயையும் கழுவி முழுதாகக் காயவையுங்கள். வாயு வெளிவரும் ஜெட்டின் துளையில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் சுடர் மேலும் கெடும். மாட்டியபின் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சுடர் நீலமாகத் திரும்பாத அடுப்பை விட்டுவிடுங்கள். நீலமாக எரிந்தாலும் கூடாரத்துக்குள் ஏற்றாதீர்கள், எவ்வளவு மழை பெய்தாலும் சரி.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியபடி தொடாத பொருள்களைக் குவித்துப் பார்த்தேன். கொண்டுபோனதில் பாதி அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: பாதியை அல்ல, சிலவற்றை. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், டயர் ஒட்டும் சாதனம் ஆகியவை தொடப்படாமல் திரும்பியதற்கு மகிழ்ச்சி அடையுங்கள், ஆனால் பிரித்து ஈரம் பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். மற்றவற்றில், மூன்று பயணங்களாகத் தொடாத பொருளுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கணக்கு.

நீக்கும்போது எடை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கூரையில் ஏற்றிய எடை சேற்றுச் சரிவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். தட்டின் அடியில், ஆக்சில்களுக்கு இடையே வைத்த எடை அதைத் தரையோடு பிடித்துவைக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றே 20 கிலோ. அதன் இடம் கீழேதான். கூரைக் கூடாரங்கள் பலவும் 50 முதல் 80 கிலோ வரை இருக்கின்றன. கூடாரத்தைச் சுமக்கும் கேரியருக்கு, வண்டி நிற்கும்போது தாங்கும் எடை, ஓடும்போது தாங்கும் எடை என்று இரண்டு அளவுகள் உண்டு. ஓடும்போது தாங்கும் எடை மிகக் குறைவு, கரடுமுரடான பாதைக்கு அதையும் குறைத்துச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயணத்தின் குலுக்கலில் கேரியர் போல்ட்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். போல்டின் தலையைச் சுற்றிச் சேற்றில் பிறை வடிவில் பளிச்சென்று உலோகம் தெரிந்தால், அங்கே அசைவு நடந்திருக்கிறது.

கேள்வி: போன இடத்திலேயே ஓடையில் வண்டியைக் கழுவிவிட்டு வந்தால் வீட்டு வேலை மிச்சமாகுமே?

பதில்: ஓடையில் வேண்டாம். எண்ணெயும் கிரீஸும் நேராக அந்த நீரில் கலக்கும். அந்த நிலத்தின் சேற்றை வேறொரு நிலத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் நம் பொறுப்புதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளில் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் மரங்களின் வேரை அழுகச் செய்து பெரும்பரப்பில் செடிகொடிகளை அழித்துவருகிறது. ஈரமண்ணில் வாழும் அது வண்டிச் சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிய சேற்றின் வழியாகப் புதிய இடங்களுக்குப் போகிறது. அங்கே சில காட்டுப்பகுதிகளுக்குள் வண்டி ஓட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வண்டி சேறில்லாமல் இருக்க வேண்டும். களைச்செடிகளின் விதைகளும் இப்படித்தான் பயணம் செய்கின்றன. ஆகவே கிளம்பும் முன், அந்த இடத்திலேயே, நீரில்லாமல் சக்கர வளைவுகளிலும் அடித்தகட்டிலும் உள்ள கட்டிச் சேற்றை மண்வெட்டியாலும் தூரிகையாலும் உதிர்த்துவிடுங்கள். டயரின் பள்ளங்களை ஒரு குச்சியால் நோண்டிவிடுங்கள். காலணியின் அடியையும் தட்டிவிடுங்கள். பெட்டிகளின் மூடியையும் பின்கதவையும் மட்டும் தொடாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவற்றில் பார்க்க வேண்டியது இன்னும் இருக்கிறது.